மரமும் நீரும் மருந்தும்

கார்காலத்தில் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கின்றது. அதே கதவு கோடையில் தளர்ந்து, காற்று வீசுந்தோறும் தடதடவென ஒலிக்கின்றது. மாட்டுவண்டிகள் மிகுதியாக ஓடிய நாளில், கோடை வெயிலில் காய்ந்து ஆரக்கால்கள் ஆட்டங்கொண்ட சக்கரத்தை வண்டிக்காரர் கழற்றிக் குளத்து நீரில் கிடத்திவைப்பர். ஓரிரவு கழிந்தபின் ஆரங்கள் பருத்துப் பழையபடி இறுகி நிற்கும். பாறையில் வரிசையாகக் குழி பறித்து, அக்குழிகளில் உலர்ந்த மரமுளைகளை அடித்து, அவற்றின்மேல் நீர் ஊற்றிப் பாறையைப் பிளக்கும் முறையும் பழங்காலத்தில் வழங்கியதாகக் கூறுவர். வெட்டுண்டு, அறுப்புண்டு, இழைப்புண்ட பின்னரும் மரம் நீரோடு கொண்ட உறவை விடுவதில்லை. அவ்வுறவின் வழியாகவே மரத்திற்கு அழிவு வருகின்றது. அவ்வழியாகவே அழிவைத் தடுக்கும் மருந்தும் உள்ளே செல்கின்றது. அஃது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

மரம் திண்ணிய பொருளாகக் கண்ணுக்குத் தோன்றுகின்றது. ஆனால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நோக்கின், அது நுண்ணிய குழல்களின் கற்றையே என்பது விளங்கும். நாணல் தட்டைகளை அடுக்கி இறுகக் கட்டினாற்போல, எண்ணிறந்த உயிரணுக்கள் மரத்தின் நீளவாக்கில் அமைந்துள்ளன. உயிருள்ள மரத்தில் வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசென்ற வாய்க்கால்கள் இவையே. எம்மரமாயினும் இக்குழல்களின் சுவர்ப்பொருள் நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமுடையது. அங்ஙனமாயின் மரம் நீரில் மிதப்பது ஏன்? உள்ளே காற்று நிறைந்த வெற்றிடம் இருத்தலால்தான். ஒரு கன மீட்டர் உலர்ந்த மரம் 500 கிலோ எடையுடையதாயின், அதில் சுவர்ப்பொருள் அடைத்துக்கொண்ட இடம் மூன்றில் ஒரு பங்கே. எஞ்சிய இரு பங்கும் வெற்றிடம். அறுநூறு லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளக்கூடிய ஒரு தொட்டி அந்தக் கட்டைக்குள்ளேயே இருக்கின்றது என்று கொள்ளலாம்.

மரத்தினுள் நீர் இருவகையாக இருக்கின்றது. குழலின் உள்ளீட்டில், குடத்து நீர்போல், தளையின்றி நிற்பது ஒருவகை. குழற்சுவரின் செல்லுலோசுப் பொருளோடு ஒட்டிப் பிணைந்து நிற்பது மற்றொரு வகை. பச்சைமரத்தை வெட்டிப் போட்டால் முதலில் வெளியேறுவது தளையில்லா நீரே. அது முழுதும் நீங்கும்வரை மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு குறைவதில்லை. சுவரில் பிணைந்த நீர் நீங்கத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு ஈரம் நிற்கும் நிலையே இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை.

ஈரத்தை அளக்கும் முறை எளியது. ஒரு துண்டு மரத்தை நிறுத்துப் பின்னர் 103 பாகை வெப்பமுள்ள அடுப்பில் எடை குறையாது நிற்கும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்கவேண்டும். முன்னர் 560 கிராமும் பின்னர் 400 கிராமும் இருப்பின், போன நீர் 160 கிராம். அது 400இல் நூற்றுக்கு 40 ஆகும். உலர்ந்த எடையைக் கொண்டே கணக்கிடுவதால், இலேசான பச்சைமரங்களில் இக்கணக்கு நூற்றைத் தாண்டுவதும் உண்டு. தன் எடையைவிட மிகுந்த நீரை அம்மரம் சுமந்து நின்றது என்பதே அதன் பொருள்.

சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒத்ததன்று. மரத்தின் நீளம் பெரும்பாலும் குறைவதேயில்லை. ஆண்டு வளையங்களின் வழியே ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகும். பலகை வளைவதும், உருண்டைக் கட்டையில் நெடுவெடிப்புத் தோன்றுவதும் இதனாலேயே. உலர்ந்த மரமும் காற்றில் ஈரம் மிகும்போது அதனை வாங்கிக்கொள்ளும், குறையும்போது விடும். கார்காலத்துக் கதவின் பிடிவாதத்துக்குக் காரணம் இதுவே. தச்சரைக் குறைகூறிப் பயனில்லை.

இனி, அழிவு வரும் வழியைக் காண்போம். மரத்தை மட்கச் செய்வது நீரன்று; நீரை நம்பி வாழும் பூஞ்சணமே. அதற்கு உணவாக மரமும், உயிர்ப்புக்குக் காற்றும், போதிய ஈரமும் வேண்டும். ஈரம் நூற்றுக்கு 20க்குக் குறைந்துள்ள மரத்தில் பூஞ்சணம் வாழ்வதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பதற்கு, மழைநீரைத் தொலைவில் சொரியும் அதன் சரிந்த கூரைகளும் ஒரு காரணமாகும். முழுதும் நீரில் ஆழ்ந்த மரமும் எளிதில் மட்குவதில்லை. காற்று அங்கே கிட்டாது. வெனிசு நகரத்து மாளிகைகள் சேற்றில் புதைந்த மரத்தூண்களின்மேல் இன்றும் நிற்கின்றன. இடர் மிகுந்த இடம் நிலமட்டமே. நட்ட கம்பத்தின் அடிப்பகுதியில், மண்ணும் காற்றும் கூடும் ஒரு முழ நீளத்தில், ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கின்றன. மேலே உறுதியாகத் தோன்றும் தந்திக் கம்பம் அவ்விடத்தில் உள்ளே மட்கி நிற்கக்கூடும். அதன்மேல் ஏறும் தொழிலாளியின் உயிர், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு முழத்தைப் பொறுத்ததாகும். கறையானும் உளுக்கச் செய்யும் வண்டும் நிலத்தில் செய்யும் கேட்டைக் கடலில் கப்பற்புழு செய்கின்றது. பெயர் புழுவாயினும் அது கிளிஞ்சல் இனத்தைச் சேர்ந்த உயிராகும்.

மரத்திலும் எல்லாப் பகுதியும் ஒத்த வலிமை உடையதன்று. நடுவில் நிறம் மிகுந்து வன்மையுற்றிருப்பது காழ். தச்சர் இதனைச் சேகு என்றும் வைரம் என்றும் வழங்குவர். அதனைச் சூழ்ந்து வெளிறிய நிறத்தோடு இருப்பது வெளிறு. வன்மை உள்ளே உடையவற்றை மரம் என்றும், பனை, தெங்கு, மூங்கில்போல் வன்மை புறத்தே உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியம் மரபியலில் பகுத்துள்ளது. பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் நஞ்சாகும் பொருள்களை மரம் தானே காழில் சேமித்து வைக்கின்றது. தேக்கின் காழ் நெடுங்காலம் நிற்பது இதனால்தான். வெளிற்றில் அத்தகைய காப்பு இல்லை; மாவும் சர்க்கரையும் உண்டு. எனவே, தேக்காயினும் அதன் வெளிறு விரைவில் உளுத்துப்போகும். மூங்கிலை வெட்டியவுடன் குளத்தில் ஊறப்போடும் நம் நாட்டு வழக்கம், உளுவை அழைக்கும் அவ்வுணவைக் கரைத்து வெளியேற்றும் நல்ல வழக்கமே.

ஆனால், மருந்தேற்றும்போது நிலைமை தலைகீழாகின்றது. நோய்க்கு எளிதில் இரையாகும் வெளிறு மருந்தை ஆவலோடு பருகும். காழோ வாயை மூடிக்கொள்ளும். காழின் குழல்கள் பிசினாலும், பக்கத்து உயிரணுக்களிலிருந்து புடைத்து வந்த மெல்லிய சவ்வுகளாலும் அடைபட்டிருக்கும். ஊசியிலை மரங்களில் வேறொரு தடையும் உண்டு. அம்மரங்களின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று நுண்துளைகளால் இணைந்துள்ளன. ஒவ்வொரு துளையின் நடுவிலும் கிணற்றுக் குழாயின் தோல்வாரைப் போன்ற ஒரு சிறு மூடி தொங்குகின்றது. மரம் உலரும்போது அம்மூடி ஒருபுறமாக ஒட்டித் துளையை அடைத்துவிடும். ஸ்புரூசு மரம் உலர்ந்தபின் மருந்தை ஏற்க மறுப்பது இதனால்தான். பைன் மரத்தின் வெளிறு அவ்வாறன்றி எளிதில் ஏற்றுக்கொள்ளும். எம்மரமாயினும், குறுக்கே செல்வதைவிட நீளவாக்கில் நீர்மம் பன்மடங்கு விரைந்து செல்லும். மருந்து எளிதில் ஏறாத மரங்களில் கத்திப்பற்களால் நெருக்கமாகச் சிறு கீறல்கள் இட்டு வழிசெய்வதும் உண்டு.

தூரிகையால் மருந்து பூசினால் போதாதோ எனின், போதாது. பூச்சு மேற்பரப்பிலிருந்து சிறிதளவே உட்செல்லும். பின்னர் மரம் வெயிலில் வெடிக்கும்போது, மருந்தில்லாத உட்பகுதி வெளிப்பட்டு, அவ்வெடிப்பே பூஞ்சணம் நுழையும் வாயிலாகும். மருந்து ஆழ்ந்து செல்லவேண்டும் என்பதை அறிஞர் நெடுநாள் முயன்றே கண்டனர். 1832ஆம் ஆண்டில் கயான் என்பவர் பாதரசக் குளோரைடுக் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றார். நம் மருத்துவ நூல்கள் சவ்வீரம் என்று கூறும் கொடிய நஞ்சு அது. இரும்பையும் அரிக்கும். 1838ஆம் ஆண்டில் பர்னெட்டு துத்தநாகக் குளோரைடைக் கையாண்டார். அது மழையில் கரைந்து ஒழுகிவிட்டது. அதே ஆண்டில் ஜான் பெத்தல் உரிமை பெற்ற முறையே இத்தொழிலுக்கு அடிப்படையாயிற்று.

பெத்தலின் முறையில், நன்கு உலர்ந்த கட்டைகளை நீண்ட இரும்பு உருளையில் இட்டுக் கதவை இறுக மூடுவர். முதலில் உருளையினின்றும் காற்றை வாங்குவர். குழல்களில் அடைபட்டிருந்த காற்றும் உடன் வெளியேறும். அந்நிலையிலேயே மருந்தை உள்ளே விட்டுப் பின்னர் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு அழுத்தம் செலுத்துவர். எதிர்க்கும் காற்று இன்மையால், மருந்து ஒழிந்த குழல்களில் விரைந்து நிறையும். பெத்தல் பயன்படுத்திய மருந்து நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட்டு எண்ணெய். இருப்புப்பாதைக் கட்டைகளும் துறைமுகத் தூண்களும் அதனால் நீண்ட வாழ்நாள் பெற்றன. எனினும், குழல்கள் நிரம்பும் அளவுக்கு எண்ணெய் செலவாயிற்று. 1902ஆம் ஆண்டில் ரூப்பிங் என்னும் செர்மானியர் இதற்கு அழகியதொரு மாற்றுக் கண்டார். அவர் காற்றை வாங்குவதற்கு மாறாக, முதலில் காற்றையே மரத்தினுள் அழுத்தினார். அதனினும் மிகுந்த அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தினார். அழுத்தத்தை நீக்கியவுடன் உள்ளே ஒடுங்கிக் கிடந்த காற்று விரிந்து, மிகையான எண்ணெயை வெளியே தள்ளிற்று. சுவரில் படிந்தது நின்றது, குழல் காலியாயிற்று.

உலர்ந்த மரம் வேண்டும் என்று மேலே கூறியதன் காரணம் இப்போது விளங்கும். நிறைகுடத்தில் வேறு நீர் புகாது. ஆயினும், பச்சைமரத்தின் ஈரத்தையே துணையாகக் கொள்ளும் முறைகளும் உள்ளன. பூசெரி என்னும் பிரெஞ்சுக்காரர், புதிதாக வெட்டிய கம்பத்தின் அடிமுனையில் உயரத்திலிருந்து மயில்துத்தக் கரைசலை இறங்கச் செய்தார். கரைசல் மரச்சாற்றைத் தள்ளிக்கொண்டே சென்று மறுமுனையில் சொட்டும். பச்சை மூங்கிலுக்கு இம்முறையின் திருத்திய வடிவம் இன்றும் பயன்படுகின்றது. மற்றொரு முறையில், வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஈரப்பலகைகளை முக்கி, நெருங்க அடுக்கி, மூடிவைப்பர். நீரிலிட்ட உப்பு மெல்லப் பரவுவதுபோல், மருந்து மரத்தின் ஈரத்தினூடே பல நாள்களில் உட்பரவும். ஆனால், பரவி வந்த வழியே அது மழையில் வெளியேறவும் கூடும். எனவே, வீட்டினுள் நிற்கும் மரத்துக்கே இது ஏற்றது.

நீரில் கரைந்து உட்செல்லவேண்டும். உட்சென்றபின் நீரில் கரைதலும் ஆகாது. ஒன்றுக்கொன்று மாறான இவ்விரண்டையும் ஒரே மருந்தில் கூட்டியவர் ஓர் இந்தியர். 1906ஆம் ஆண்டில் டேராடூனில் நிறுவப்பெற்ற காட்டியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன், 1933ஆம் ஆண்டில் தாமிரம், குரோமியம், பாடாணம் ஆகிய மூன்றன் சேர்மங்களைக் கலந்த மருந்தை ஆக்கினார். தாமிரம் பூஞ்சணத்தைத் தடுக்கும். பாடாணம் கறையானையும் பிற பூச்சிகளையும் தடுக்கும். குரோமியமோ மரப்பொருளோடு வினைபுரிந்து, தானும் நிலைமாறி, மற்ற இரண்டையும் கரையாத பொருள்களாக்கிக் குழற்சுவரிலேயே பிணைத்துவிடும். கிரியோசோட்டுப் பெரும்பாலும் குழலின் உள்ளீட்டில் தங்குவது. இம்மருந்தோ நீரோடு சுவருக்குள்ளும் புகுவது. மரம் இளம்பச்சை நிறம் பெறும். எண்ணெய் நாற்றம் இல்லை. மேலே வண்ணமும் பூசலாம். ஆனால், மருந்தேற்றிய மரம் நீரைப் பருகிப் பருத்திருக்குமாதலின், அதனை மீண்டும் உலர்த்திய பின்னரே பயன்படுத்தவேண்டும்.

இம்மருந்து உலகெங்கும் பரவியது. தேக்கும் தேவதாருவும் சாலமரமும் செய்த வேலையை, முன்னர் விறகுக்கே உரியவை எனப்பட்ட மரங்களும் செய்யலாயின. காடுகளைக் காத்ததில் இதன் பங்கு சிறிதன்று. ஆயினும், பாடாணம் பாடாணமே. மரத்திலிருந்து அது சிறிதளவு கசியக்கூடும் என்பதாலும், குழந்தைகள் விளையாடும் இடங்களில் அம்மரம் நின்றதாலும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு பெரும்பாலான வீட்டுப் பயன்களுக்கு இம்மருந்தேற்றிய மரத்தை ஆக்குவது நின்றது. தாமிரத்தோடு வேறு மருந்துகளைக் கூட்டிய கலவைகள் அதன் இடத்தைப் பெற்றன. கம்பங்கள் போன்ற தொழில்துறைப் பயன்களில் பழைய மருந்து தொடர்ந்தது. அம்மரத்தின் துண்டுகளை அடுப்பெரிக்கக் கூடாது. நெருப்பு மரத்தை அழிக்குமேயன்றிப் பாடாணத்தை அழிப்பதில்லை. அது புகையிலும் சாம்பலிலும் தங்கும்.

மருந்தேற்றிய கம்பத்தை நடும் இடத்தில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. நீளம் மிகுந்ததென்று அடிமுனையை அறுத்துவிட்டு நடுவர். மருந்து சென்றது வெளிறு முடியும் ஆழம்வரையே. அறுத்த முகத்தின் நடுவில் தெரிவதோ மருந்து காணாத மரம். நுனியில் சிறிது அறுத்து, அறுத்த முகத்தில் மருந்தைப் பன்முறை தோயப் பூசிய பின்னர், மருந்தேறிய அடிமுனை மண்ணில் இருக்குமாறு நடுவதே முறை. துளையிடுதலும் பள்ளம் செதுக்குதலும் மருந்தேற்றுவதற்கு முன்னரே முடிந்திருக்கவேண்டும்.