கொல்லிமலையில் பலாவும் ஆட்டுக்காலும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால், சாலையோரக் கடைகளில் பழுப்பு ரோமம் மூடிய கிழங்குகள் குவிந்து கிடக்கும். முடவாட்டுக்கால். பக்கத்திலேயே மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு அதன் சூப் கொதிக்கும். குளிருக்கு இதமான சூப்தான், மறுக்கவில்லை. மூட்டுவலி போகும் என்பார்கள். பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் பெரணிச் செடியின் தண்டு இது. ஆட்டுக்கால் போலிருக்கிறது, ஆகவே காலுக்கு மருந்து! பழைய ஐரோப்பிய வைத்தியர்களும் இப்படித்தான், மூளை வடிவிலுள்ள வால்நட்டைத் தலை நோய்களுக்குக் கொடுத்தார்கள்.

இதே மலைக்குச் சங்கப் புலவர்கள் பார்த்த அடையாளம் பலா. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைக் கொன்று காரி என்ற சிற்றரசன் இம்மலையைச் சேரனுக்குக் கொடுத்த கதையை அகநானூறு 209-இல் சொல்லும் கல்லாடனார், அந்தப் போர்ச்செய்திக்கு நடுவிலும் கொல்லியின் செவ்வேர்ப் பலாவை மறக்கவில்லை. சேரன் கைக்குப் போனது எப்பேர்ப்பட்ட வளம் என்பதற்கு அந்த ஒரு மரமே போதும்.

பலாவை இன்னும் ஆழமாகப் பார்த்தவர் கபிலர். குறுந்தொகை 18-இல் தோழி தலைவனிடம் பேசுகிறாள். அவன் நாட்டுப் பலா வேரிலேயே காய்க்கிறது. சுற்றிலும் மூங்கில் வேலி. தலைவியின் நிலையோ மலைச்சாரலில் சிறு கொம்பில் தொங்கும் பெரும்பழம். உயிர் சிறிது, ஆசை பெரிது. பழம் முற்ற முற்றக் கொம்பு தாங்காது. சீக்கிரம் மணம் செய்துகொள் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பலா அடியிலும் காய்க்கும், கிளையிலும் காய்க்கும் என்று கண்ணால் கண்டவருக்குத்தான் இப்படி எழுத வரும். முடவாட்டுக்காலில் நாம் பார்ப்பது வடிவத்தை மட்டும். கபிலர் பார்த்தது மரத்தின் பாரத்தை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கவிதைக்குள் வந்ததால் எந்தப் பலாவுக்கும் சேதமில்லை. பெரணி தழைப்பதோ அந்தத் தண்டிலிருந்துதான். அதைப் பாறையிலிருந்து முழுசாகப் பெயர்த்துவிட்டால் செடியே இல்லை.

ஆடிப் பதினெட்டை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குப் போகிறவர்கள் ஒரு கோப்பை சூப் குடியுங்கள். பை நிறையக் கிழங்கு கட்டிக்கொண்டு இறங்காதீர்கள். மலைப்பலா கிடைத்தால் அதை வாங்குங்கள்.