குழாய்த் தண்ணீரும் ஒரு பயமும்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், தம்பி. கல்யாணமாகி இரண்டு வருஷமாகக் குழந்தை இல்லை என்றதும், தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர்தான் காரணம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நீங்கள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டீர்கள். உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதற்கு ஒரு வேர் இருக்கிறது.

அந்தப் பவுடரிலிருந்து வரும் குளோரின் கிருமியைக் கொல்வதோடு நின்றுவிடாது. தண்ணீரில் அழுகிய இலை, பாசி, வண்டலின் சாறு கலந்திருந்தால் அதோடும் வினைபுரியும். அப்படித்தான் குளோரோஃபார்ம் போன்றவை உண்டாகின்றன என்று 1974இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிலைய வேதியியலர் யோஹனஸ் ரூக் எழுதினார். கூடவே பிறக்கும் இன்னொரு கூட்டம் ஹாலோ அசிட்டிக் அமிலங்கள். அவற்றில் ஒன்றான டைபுரோமோ அசிட்டிக் அமிலத்தை ஆண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு உருவாவது குலைந்தது.

எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. 1994இல் வந்த ஆய்வில் கொடுத்த மிகக் குறைந்த அளவே, உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 10 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 600 மில்லிகிராம் ஆகிறது. அமெரிக்காவில் இத்தகைய ஐந்து அமிலங்களுக்கும் சேர்த்தே லிட்டருக்கு 0.06 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அந்த வரம்பைத் தொட்ட தண்ணீராக இருந்தாலும் நாளைக்கு 10,000 லிட்டர் குடிக்க வேண்டும். ஒரு தண்ணி லாரி!

இதைவிடக் குறைந்த அளவிலும் விலங்குகளில் மாற்றம் கண்டவர்கள் உண்டு. சீனாவின் ஊகானில் ஆண்களிடம் நடந்த ஆய்வுகள் சில, இவற்றுக்கும் விந்தணுவின் தரத்துக்கும் தொடர்பைக் காட்டின. அமெரிக்காவில் 2007இல் வந்த ஆய்வில் வரம்பையொட்டிய அளவில் பாதிப்பு தெரியவில்லை. ஆகவே விஷயம் இன்னும் முடியவில்லை. ஆனால் குளோரினை நிறுத்தினால் வாந்திபேதியும் காலராவும் வரும் ஆபத்து உண்டு. அதில் சந்தேகமே இல்லை. நம் நாட்டுத் தரநிர்ணயப்படி குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

குறைக்க வேண்டியது குளோரினோடு சேரும் அழுக்கை. உங்கள் வீட்டுத் தொட்டியின் அடியை விரலால் தொட்டுப் பாருங்கள், பழுப்பாக வழவழவென்று ஒட்டும். அதை வழித்துக் கழுவி, மூடியை இறுக்கிப் போடுங்கள். ஆற்று நீரை வடிகட்டித் தெளியவைத்த பிறகு குளோரின் போடுகிறார்களா என்று ஊராட்சியில் கேளுங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விரலிடுக்கில் இருக்கும் சிகரெட் விந்தணுவைக் குறைக்கும் என்பதற்குத் தண்ணீரைவிடப் பல மடங்கு சான்று இருக்கிறது. விதைப்பையில் ரத்த நாளங்கள் புடைத்திருந்தாலும் குறையலாம், அதற்கு வைத்தியம் உண்டு. தங்கச்சியை மட்டும் டெஸ்டுக்கு அனுப்பாமல், இந்த வாரமே நீங்களும் போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிகரெட்டை இன்றைக்கே விட்டாலும் புது விந்தணு தயாராக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும்.