ஓடும் லாரிக்குள் இணையம்

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு லாரியில் துளையிடும் இயந்திரம். பின்தொடரும் லாரியில் இரும்புக் குழாய்கள், டீசல், சமையல் பாத்திரங்கள். வெளி மாநிலங்களில் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் செல்லும் இவர்களுக்கு வண்டிதான் வீடு. நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் வாழ்வும் ஏறக்குறைய இப்படித்தான். முன்பெல்லாம் வீட்டுச் சேதி அறிய எஸ்.டி.டி. பூத்தைத் தேட வேண்டும். இன்று இரவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியிலேயே குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். கம்பி ஏதுமில்லாத வண்டிக்குள் இணையம் எப்படி வந்து சேர்கிறது?

வருபவை வானொலி அலைகளே. ஆனால் ஒரே பெரிய கோபுரம் ஊர் முழுவதற்கும் பணியாற்றினால், இருக்கும் சில அலைவரிசைகள் ஒரு சிலருக்கே போதும். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் ஒரு வழி சொன்னார்கள். நிலப்பரப்பைத் தேன்கூட்டின் அறைகளைப்போல் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் குறைந்த திறனுள்ள கோபுரம் ஒன்றை வைக்க வேண்டும். அப்போது ஓர் அறையின் அலைவரிசையைத் தள்ளியுள்ள மற்றோர் அறையில் மீண்டும் பயன்படுத்தலாம்.

லாரி ஓடும்போது கைபேசி சும்மா இருப்பதில்லை. அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் அலை வலிமையை அளந்து, தொடர்பிலுள்ள கோபுரத்துக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. அடுத்த கோபுரம் வலுவானதும், அஞ்சல் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல் தொடர்பு மாற்றப்படுகிறது. எல்லாம் ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும்.

மலைப்பாதையில்தான் சிக்கல். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கோ 70. கோபுரத்துக்கும் வண்டிக்கும் இடையே மலை வந்தால், வெயிலுக்கு நிழல் விழுவதுபோல அலைக்கும் நிழல் விழுகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 செ.மீ.; 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 13 செ.மீ. மட்டுமே. நீண்ட அலை மலை விளிம்பில் சற்று வளைந்து இறங்கும். குட்டை அலை அவ்வளவு வளையாது. தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டக் கைபேசி உரக்கக் 'கத்த' வேண்டியிருப்பதால், மின்கலமும் விரைவில் தீர்ந்துவிடும்.

வண்டியின் தகர உடலும் அலைகளைத் தடுக்கும். கண்ணாடிச் சன்னல் விட்டுவிடும். எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் கைபேசியை வைத்து மூடி, வேறொன்றிலிருந்து அழைத்துப் பாருங்கள். சில சமயம் மணி அடித்தே தீரும்! கோபுரம் அருகில் இருந்தால், மூடி விளிம்பின் சிறு இடுக்கு வழியே கசியும் அலையே போதுமானது.

வழிகாட்டும் நிலப்படத்துக்கு இணையம் கட்டாயமில்லை. படத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளை வாங்கிக் கைபேசி தானே இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். பதில் ஏதும் அனுப்புவதில்லை.

கோபுரமே இல்லாத இடத்தில்? செயற்கைக்கோள் இணையம் உண்டு. நிலைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால், கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகும். பேசுவோர்க்கு எரிச்சலூட்டும் தாமதம். சுமார் 550 கி.மீ. உயரத்தில் பறக்கும் புதிய கோள்களில் அந்தத் தாமதம் மிகச் சிறிது. ஆனால் அவை நொடிக்கு ஏழரைக் கி.மீ. வேகத்தில் ஓடுவதால், சில நிமிடங்களில் அடுத்த கோளுக்குக் கைமாற்ற வேண்டும். இங்கே ஓடுவது கோபுரம்; லாரி ஏறக்குறைய நிற்கிறது!