வயிற்றில் ஆபரேஷன், தோளில் வலி

இரும்புலியூரில் எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்து மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் நாலு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். ஆனால் அக்கா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வலது தோளை. "வயித்துல பண்ணிட்டு தோள்ல வலிக்குதே தம்பி?" என்றார்.

காரணம் வாயு. வயிற்றுக்குள் கேமராவும் கருவிகளும் புழங்க இடம் வேண்டும். அதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம் மாதிரி உப்ப வைக்கிறார்கள். இது தீப்பற்றாது, மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் இடத்தில் அது முக்கியம். ரத்தத்தில் எளிதாகக் கரைந்து மூச்சோடு வெளியேறியும் விடும். அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம், பி.பி.யின் மேல் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. இந்த வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால், மூளை தோள்தான் வலிக்கிறது என்று எண்ணிக்கொள்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

வாயுவை உள்ளே விடும் ஊசியின் கதைக்கும் எங்கள் பகுதிக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. தாம்பரம் தாண்டினால் சானடோரியம் ஸ்டேஷன். 1928ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை கொடுத்த பெயர் அது. மாத்திரை மருந்துகள் வராத அந்தக் காலத்தில், நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றை விட்டு நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுப்பது உலகெங்கும் ஒரு சிகிச்சை. குத்தும்போது நுரையீரலையே கிழித்துவிடும் ஆபத்து இருந்தது. 1930களில் ஹங்கேரி மருத்துவர் யானோஷ் வெரெஷ் அதற்கு ஒரு ஊசி செய்தார். கூரான ஊசிக்குள் ஸ்பிரிங் வைத்த மொட்டை முனைக் குழாய். தசை தடுக்கும்வரை மொட்டை முனை உள்வாங்கியிருக்கும், கூர்முனை துளைக்கும். தடை நீங்கிய கணமே மொட்டை முனை வெளியே பாய்ந்து கூரை மறைத்துவிடும். காசநோய்க்கு அந்தச் சிகிச்சை வழக்கொழிந்தது. ஊசி மட்டும் வயிற்றுக்கு இடம் மாறியது. இன்றும் பல டாக்டர்கள் அதன் 'க்ளிக்' சத்தத்துக்குக் காது கொடுத்துத்தான் வாயுவைத் திறக்கிறார்கள்.

லேப்ராஸ்கோபியில் முதல் பித்தப்பையை எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மியூ, 1985ல். இந்தியாவில் டெஹம்டன் உத்வாடியா, மும்பையில், 1990ல். அடுத்த சில ஆண்டுகளில் கோயம்புத்தூரில் டாக்டர் சி. பழனிவேலு இதில் பேர்பெற்றுப் பிற ஊர் டாக்டர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

கற்றுக்கொள்வதுதான் கடினம். அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள், கைப்பிடியை அழுத்தினால் உள்ளே தண்டு மேலே போகும். இங்கேயும் வயிற்றுச் சுவர்தான் அச்சு. கையை வலப்பக்கம் தள்ளினால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். சாதாரணத் திரையில் ஆழம் தெரியாது, விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஆகவே முதலில் நோயாளியிடம் அல்ல, ஒரு பெட்டியிடம் பழகவேண்டும். பெட்டிக்குள் குச்சிகளில் ஆறு சின்னப் பொருள்கள். திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து, அந்தரத்தில் கைமாற்றி, எதிர்க் குச்சியில் மாட்டவேண்டும். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். பத்து வருட அனுபவமுள்ள கையும் முதல் நாள் தடுமாறும்.

பழகாத கையின் விலை என்ன? 1991ல் அமெரிக்காவின் தென்மாநில சர்ஜன்கள் 1,518 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். பித்தநாளக் காயம் ஒவ்வொரு சர்ஜன் குழுவின் முதல் 13 நோயாளிகளிடம் 2.2 சதவீதம், அதன் பிறகு 0.1 சதவீதம். பித்தப்பையை இழுத்துப் பிடிக்கும்போது அதன் சிறு குழாயும் முக்கியப் பித்தநாளமும் ஒரே கோடாகத் தெரிந்துவிடும். தவறான குழாய் வெட்டுப்படும். 1995ல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் ஒரு விதியை அழுத்திச் சொன்னார்: கொழுப்பை நீக்கி, பித்தப்பையின் அடிப்பாகத்தைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகே கத்தரிக்கோல். அது தெரியவில்லை என்றால் வேறு வழி தேடவேண்டும். வயிற்றைத் திறப்பதும் அதில் ஒன்று. அதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அக்கா கையெழுத்துப் போட்ட தாளிலும் 'தேவைப்பட்டால் ஓபன் ஆபரேஷன்' என்று ஒரு வரி இருந்ததாம். அந்தத் தாளிலேயே நல்ல வரி அதுதான் என்றேன்.

"போ தம்பி, அதைப் படிச்சுட்டுத்தான் ராத்திரி முழுக்கத் தூங்கலை."