காய்ச்சலோடு வேலைக்குப் போவது: உடம்பு, சம்பளம், சட்டம்

இலங்கையில் இன்புளுவன்சா வருடத்தில் இரண்டு தடவை கூடுகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒருமுறை, பிறகு நவம்பர் மழையோடு தொடங்கி ஜனவரி, பெப்ரவரி வரை இன்னொருமுறை. இந்த மாதங்களில் என் மேசைக்கு வரும் லீவு விண்ணப்பங்களும் கூடத்தான் வேண்டும். ஆனால் அவை பெரிதாகக் கூடுவதில்லை. வேலைத்தளத்துக்குள் இருமல் சத்தம்தான் கூடுகிறது.

நான் ஒரு தனியார் உற்பத்தி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். வரவுப் பதிவு, லீவு, சம்பளக் கழிப்பு எல்லாம் எங்கள் பிரிவு வழியாகவே போகின்றன. காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி "பொறுப்பில்லாதவர்கள்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "கடமை உணர்வுள்ளவர்கள்" என்று பாராட்டுவதையும் கேட்டிருக்கிறேன். சம்பளச் சிட்டையைப் பார்க்கிறவளுக்கு இரண்டுமே பொருந்தாத பேச்சாகத் தெரியும். அவர்கள் வருவது கணக்குப் பார்த்துத்தான்.

வரவுக் கொடுப்பனவு என்ற கணக்கு

ஆடைத் தொழிற்சாலைகள் உட்படப் பல தனியார் இடங்களில் அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே வரவுக்கான கொடுப்பனவு ஒன்று இருக்கிறது. மாதம் முழுக்க வந்தால் அது முழுதாகக் கிடைக்கும். ஒருநாள் நின்றால் ஒரு பகுதி போகும். இரண்டு மூன்று நாள் நின்றால் பெரும்பாலும் முழுவதும் போய்விடும். காய்ச்சலுக்கு நின்றவரா, கல்யாண வீட்டுக்குப் போனவரா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. வாடகை அறையில் இருந்துகொண்டு வீட்டுக்குக் காசு அனுப்பும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தொகை மாதக் கடைசிச் சாப்பாட்டுச் செலவு. அவர் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு காலை பஸ் ஏறுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நாட்கூலிக்கு இது இன்னும் கடுமை. மேசன் வேலை, கடற்றொழில், தோட்ட வேலை என்று எதை எடுத்தாலும் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் பெருந்தோட்டத் தொழிலாளருக்கு அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வரவு ஊக்குவிப்புத் தொகையை முன்மொழிந்தது. தொழிலாளர் கைக்குக் கூடுதல் பணம் போவது நல்லதுதான். ஆனால் பணத்தை வரவோடு கட்டும்போது, சுகமில்லாத நாளில் வீட்டில் நிற்பதன் விலையும் அதே அளவுக்கு ஏறுகிறது.

சட்டம் என்ன தருகிறது?

எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லை. அரச ஊழியருக்கு வருடத்தில் 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். அதன்படி வருடாந்த லீவு 14 நாள். அதற்கு மேல் தனிப்பட்ட அலுவல், சுகவீனம் போன்ற காரணங்களுக்காகச் சம்பளத்தோடு 7 நாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் என்ற கணக்கில் இந்த லீவு சேரும். புடவைக் கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கும் இது உரிமை. முதலாளி விரும்பினால் கொடுக்கும் சலுகை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொழிற்சாலைத் தொழிலாளரில் பெரும்பாலானோர் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அவர்களுக்கு வருடாந்த லீவு இருக்கிறது. சுகவீன லீவு என்று தனியாக எதையும் அந்தச் சட்டம் பொதுவாகத் தருவதில்லை. சில நிறுவனங்கள் தாமாகக் கொடுக்கின்றன. ஆகவே உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள், எந்தப் பெயரில், மருத்துவச் சான்றிதழ் எத்தனையாவது நாளிலிருந்து தேவை என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

முதல் மூன்று நாட்கள்

சாதாரணத் தடிமன் மெல்ல மெல்ல வரும். மூக்கு ஓடும், தொண்டை அரிக்கும், ஆனால் நடமாடலாம். இன்புளுவன்சா திடீரென்று விழுத்தும். காலையில் சரியாக இருந்தவர் பின்னேரம் குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு, வறட்டு இருமல் என்று படுத்துவிடுவார்.

வைரஸ் உடலுக்குள் போய் ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் அறிகுறி தெரியும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். நோய் தொடங்கி முதல் மூன்று, நான்கு நாட்களில்தான் அதிகம் தொற்றும். "இன்னும் நடக்க முடிகிறதே" என்று வேலைக்குப் போகும் நாட்களும் இவைதான். பனடோல் காய்ச்சலைக் குறைக்குமே தவிர வைரஸை நிறுத்தாது. உடம்பு குளிர்ந்தவர் சுகமானவர்போலத் தோன்றினாலும் இருமும்போது தொற்றுவது குறைவதில்லை.

நெருக்கமான வேலைத்தளத்தில் சுவாச நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை 2020 ஒக்டோபரில் பார்த்தோம். மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கொவிட் கண்டறியப்பட்டுச் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. இன்புளுவன்சா வேறு வைரஸ்தான். ஆனால் நெருக்கமான இயந்திர வரிசையும் சேர்ந்து சாப்பிடும் மண்டபமும் நெரிசலான விடுதி அறையும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எல்லாக் காய்ச்சலும் "ஃபுளூ" அல்ல

எங்கள் நாட்டில் பனடோலோடு வேலை செய்வதன் பெரிய ஆபத்து டெங்கு. முதல் இரண்டு நாள் அது ஃபுளூ போலவே இருக்கும். மூக்கொழுகலும் இருமலும் இல்லாத கடும் காய்ச்சல் என்றால் டெங்கை முதலில் நினையுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை. காரணம் தெரியும்வரை இபுபுரோபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதையும் போடாதீர்கள். அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். காய்ச்சல் விட்ட பிறகும் சோர்வு கூடினால், வயிறு நொந்தால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், முரசிலோ மூக்கிலோ இரத்தம் வந்தால் வேலைக்கு அல்ல, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வயலிலும் சேற்றிலும் வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும் இருக்கிறது. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அதனால் உயிர்கள் போயின. கெண்டைக்கால் நோவும் சிவந்த கண்ணும் காய்ச்சலோடு சேர்ந்து வந்தால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

போயே ஆக வேண்டும் என்றால்

கடும் காய்ச்சல் உள்ள நாளில் நிற்பதுதான் சரி. முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முகக்கவசம் அணியுங்கள். யன்னலோரத்தில், முடிந்தால் கூட்டத்திலிருந்து தள்ளி இருக்கக் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் முகக்கவசம் கழறும், ஆகவே தனியாகச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், சலரோகம், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களின் பக்கம் போகாதீர்கள்.

500 மில்லிகிராம் பரசிற்றமோல் ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டுக் குறைத்தே எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் தடிமன் குளிசைகள் பலவற்றில் ஏற்கனவே பரசிற்றமோல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் அளவு மீறும். மூக்கொழுகலுக்கான சில குளிசைகள் நித்திரையைக் கொண்டுவரும். அவற்றைப் போட்டுக்கொண்டு வெட்டும் இயந்திரத்தில் நிற்பதும் முச்சக்கரவண்டி ஓட்டுவதும் கூடாது.

கொத்தமல்லி அவித்துக் குடிப்பதும் கஞ்சியும் நல்லது. நீர்ச்சத்துக் குறையாது, தொண்டைக்கு இதம். அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. முன்பு தந்த மிச்சக் குளிசைகளைத் தேடி எடுக்காதீர்கள்.

கர்ப்பிணிகளும் நாட்பட்ட நோயுள்ளவர்களும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் போவது முக்கியம். இன்புளுவன்சாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து அந்த நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக உதவும். யாருக்காயினும் மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, மயக்கம், அல்லது குறைந்த காய்ச்சல் திரும்பக் கூடுதல் என்றால் காத்திருக்கக் கூடாது.

நிர்வாகங்களுக்கு ஒரு கணக்கு

30 பேர் உள்ள ஒரு வரிசையில் ஒருவர் நான்கு நாள் நின்றால் நிறுவனத்துக்கு இழப்பு நான்கு மனித நாட்கள். அவர் வந்து ஐந்து பேருக்குத் தொற்றி, அவர்களும் நான்கு நாள் விழுந்தால் இருபது. நின்றவர்களின் இழப்பு வரவுப் பதிவில் தெரியும். வந்தவர் கொடுத்த இழப்பு எங்கும் எழுதப்படுவதில்லை. அதனால்தான் வரவுக் கொடுப்பனவு இலாபமானது என்ற நம்பிக்கை நிலைக்கிறது.

இதை மாற்றப் பெரிய செலவு தேவையில்லை. காய்ச்சலுக்காக எடுக்கும் முதல் மூன்று நாட்களை வரவுக் கொடுப்பனவுக் கணக்கிலிருந்து விலக்கலாம். முதல் இரண்டு நாளுக்குச் சான்றிதழ் கேட்காமல் விடலாம். ஒரு துண்டுக் கடதாசிக்காகக் காய்ச்சல்காரர் பஸ்ஸில் ஏறி வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்பது யாருக்கும் நன்மையில்லை. ஒருவர் வேலையை இன்னொருவருக்கும் பழக்கி வைத்தால், நின்றவர் குற்றவாளியாகத் திரும்பி வர வேண்டியதில்லை.

இன்புளுவன்சா என்றால், மருந்து போடாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருந்து உடம்பும் தேறினால் வேலைக்குத் திரும்பலாம். இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும், அது முடியும்வரை நிற்கத் தேவையில்லை. லீவு விண்ணப்பத்தில் "தனிப்பட்ட காரணம்" என்று எழுதாமல் "காய்ச்சல்" என்றே எழுதுங்கள். எத்தனை பேருக்கு எந்த மாதத்தில் காய்ச்சல் வந்தது என்று காட்ட என்னைப் போன்றவர்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தச் சொல்தான்.