கைதிப் பதிவேட்டில் கொள்ளுப்பாட்டியைத் தேடுகிறார்கள்

1789 ஜனவரியில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம் மேரி வேட் என்ற சிறுமிக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. இன்னொரு சிறுமியின் உடைகளைப் பறித்தாள் என்பது குற்றம். பிறகு உயிர்ப்பிச்சை கிடைத்து, 1790இல் லேடி ஜூலியானா கப்பலில் சிட்னி வந்து சேர்ந்தாள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவளுடைய வம்சாவளியில் வந்தவர்.

1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,62,000 பேரைத் தீவாந்தரத் தண்டனையில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. பேரப்பிள்ளைகள் அதை வெளியே சொல்லக் கூசினார்கள். பல குடும்பங்கள் அடியோடு மறைத்தன. இன்று அந்தக் குடும்பங்களே ஆவணக் காப்பகங்களில் தேடுகின்றன.

தேடலுக்கு முதலில் வேண்டியது கப்பலின் பெயர். ஒரே பெயரில் பல கைதிகள் இருந்ததால், வந்த கப்பலையும் பெயரோடு சேர்த்தே எழுதினார்கள். அது கிடைத்துவிட்டால் ஆளே எதிரில் வந்து நிற்பதுபோல் விவரங்கள் வரும்: உயரம், கண்ணின் நிறம், தழும்பு, எந்தக் கையில் என்ன பச்சை குத்தியிருந்தது, சொந்த ஊர், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதுவரை. தாஸ்மேனியாவின் நடத்தைப் பதிவேட்டில், குடித்துவிட்டு வந்தது, எசமானரை எதிர்த்துப் பேசியது, அதற்காகத் தனிக்கொட்டடியில் ரொட்டியும் தண்ணீருமாகக் கிடந்தது எல்லாம் தேதிவாரியாக இருக்கும். குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் கூலிக்கு உழைக்க அனுமதிச் சீட்டு, திருமண அனுமதி, விடுதலைச் சான்றிதழ் என்று தடம் நீளும். அதே காலத்தில் இங்கிலாந்திலேயே வாழ்ந்து மடிந்த ஏழைக் கூலியாளுக்கோ பெரும்பாலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய தேவாலயக் குறிப்புகள்தான் மிச்சம். தப்பவிடக் கூடாது என்று அரசு எழுதிவைத்த கணக்குதான் இன்று சந்ததியினருக்கு மூதாதையரின் முகத்தைக் காட்டுகிறது.

ஆனால் இவை காவல் காத்தவர்கள் எழுதியவை. குடித்தான் என்று இருக்கும். ஏன் குடித்தான் என்று இருக்காது. எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். விடுதலைக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பெண்களோ மணமானதும் கணவரின் குடும்பப் பெயருக்குள் மறைந்துபோனார்கள். ஆகவே பெயர் அட்டவணையோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தைப் பாருங்கள். நீதிமன்றப் பதிவு, தேவாலயப் பதிவு, பழைய செய்தித்தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாஸ்மேனியக் கைதிப் பதிவேடுகளின் பக்கங்களை அந்த மாநில நூலகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.