காய்ந்த தானியமே காவல்

வடபுலத்தில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு மக்காச்சோளம் இன்று புதிய பண்டமன்று. குளிர்காலத்து மக்காச்சோள ரொட்டியும் கடுகுக் கீரையும் அண்டை வீட்டாரிடம் நாம் விரும்பிக் கற்ற உணவாகும். உண்ணக் கற்ற நாம் அத்தானியத்தைச் சேமிக்கவும் கற்றல் வேண்டும். அரிசியில் செள்ளு கண்டால் புடைத்துத் தள்ளிவிட்டு அமைதி கொள்வது நம் வழக்கம். அது போதாது, ஏன் போதாது என்பதை அறியப் பகைவரின் இயல்பை முதலில் அறிவோம்.

தலையாய பகை மக்காச்சோளக் கூன்வண்டு. யானையின் துதிக்கைபோல் நீண்ட மூக்குடைய இச்சிற்றுயிர் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பெண் வண்டு மணியில் நுண்துளையிட்டு, அதனுள் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற பொருளால் வாயிலை அடைத்துவிடுகிறது. புழு உள்ளேயே பிறந்து, உள்ளிருக்கும் மாவைத் தின்று வளர்ந்து, வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. வெப்பமான காலத்தில் இதற்கு ஏறத்தாழ 5 வாரங்கள் ஆகும். ஆதலின், வண்டு நம் கண்ணிற்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே கேடு தொடங்கிவிட்டது. புடைத்தால் வெளியே திரிவன நீங்கும். மணிக்குள் வளர்வன நீங்கா. அரிசிக் கூன்வண்டு இதன் நெருங்கிய உறவு. இரண்டும் இரு தானியங்களையும் உண்ணும். எனவே ஈண்டுச் சொல்வன நம் அரிசிக்கும் பொருந்தும்.

அந்துப்பூச்சி வைக்கோல் நிறமுடையது. கதிர் வயலில் நிற்கும்போதே முட்டையிட்டு, தானியத்தோடு நம் இல்லம் வந்து சேர்வது. குவியலின் மேற்பரப்பையே மிகுதியும் தாக்கும். தானியத் துளைப்பானோ புழுப் பருவத்திலும் வண்டுப் பருவத்திலும் மணியை அரித்து மாவுத் தூளாக்கும். சிவப்பு மாவு வண்டு உடைந்த மணியிலும் மாவிலும் பெருகித் தீநாற்றம் ஊட்டும்.

இழப்பு எடையோடு முடிவதில்லை. பூச்சிகள் திரண்டு மூச்சுவிடுமிடத்தில் வெப்பமும் ஈரமும் மிகுகின்றன, பூஞ்சை பற்றுகிறது. பூஞ்சைகளுள் ஒருவகை அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும். சமைத்தாலும் அது முற்றும் அழியாது. 1974-ஆம் ஆண்டு இராஜஸ்தானத்துப் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு கல்லீரல் கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூஞ்சை கண்ட தானியத்தைக் கழுவி உண்ணலாம் என்று எவரும் எண்ண வேண்டா.

வண்டுக்கும் பூஞ்சைக்கும் பொதுவான மருந்து ஒன்றே. அஃது உலர்த்துதல். மக்காச்சோளத்தில் ஈரம் நூற்றுக்கு 12 பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று. வடகிழக்கு மலைநாட்டார் கதிர்களை அடுப்பின்மேல் தொங்கவிடுவதன் கருத்தும் இதுவே. வெப்பம் உலர்த்த, புகை பூச்சியை விலக்கும். ஈரத்தை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி தானியத்தையும் சிறிது உலர்ந்த உப்பையும் இட்டு மூடிக் குலுக்கிக் கால்மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 பங்கிற்கு மேல் உள்ளது. ஒட்டாவிடினும், மேலும் இரண்டொரு நாள் வெயிலில் காய வைப்பது நலம்.

உலர்த்திய பின் செய்யத்தக்கவை சில. உடைந்த மணிகளைப் புடைத்து நீக்குக. கலத்தைக் கழுவிக் காயவைத்து, சூடு ஆறிய தானியத்தையே அதில் இடுக. பழைய மீதியின்மேல் புதியதைக் கொட்டற்க. கலம் காற்றுப் புகாததாயின், உள்ளே எஞ்சிய பூச்சிகள் உயிர்க்காற்றைத் தாமே தீர்த்து மடியும். ஈரத் தானியத்தை அவ்வாறு அடைத்தால் பூஞ்சையே விளையும். வேப்பிலை பூச்சியை ஓரளவு விலக்கும்; உலர்த்துதலுக்கு அஃது ஈடாகாது. மாவாயின் இரண்டு வாரத் தேவைக்கே அரைத்துக்கொள்க. குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைத்தால் மாவிலுள்ள முட்டையும் புழுவும் மடியும்.

பெருமளவில் சேமிப்போருக்கு, புதுடெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் வகுத்த பூசாக் களஞ்சியம் உண்டு. இருமண் சுவர்களுக்கிடையே பிளாஸ்டிக் தாளை வைத்து ஈரத்தைத் தடுப்பது அது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அமைத்த துளைக்குழாய்ப் பொறியைத் தானியத்தினுள் செருகினால், காற்றை நாடி வரும் வண்டுகள் அதனுள் விழும். கேட்டை முன்கூட்டியே அறிய இது மிக உதவும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ‘தானிய மாத்திரை’ என்று சிலர் வாங்கிக் கலத்தில் இடும் அலுமினியம் பாஸ்பைடு, காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை விடுவது. அதற்கு முறிமருந்து இல்லை. கதவிடுக்கின் வழியே அடுத்த அறைக்கும் பரவி, உறங்குவோரைக் கொல்ல வல்லது. குழந்தைகளை முதலில் வீழ்த்துவது. அரசு ஒப்புதல் பெற்ற பயிற்சியாளரே அதனைக் கையாளலாம். குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை. அண்டை வீட்டார் அன்போடு கொடுத்தாலும் பணிவோடு மறுத்து, காரணத்தையும் சொல்லுங்கள். இட்டுவிட்ட வீட்டில் எவர்க்கேனும் வாந்தியோ மூச்சுத்திணறலோ கண்டால், அனைவரும் உடனே வெளியேறி மருத்துவமனைக்கு விரைந்து, நஞ்சின் பெயரைச் சொல்ல வேண்டும். நாற்றம் இல்லையென்று தாமதிக்கலாகாது.

குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லைச் சேர்த்த நம் முன்னோர், நன்கு காயாத நெல்லை உள்ளே விட்டதில்லை. ஊர் மாறி, கலம் மாறி, தானியமும் மாறிய போதும் அவ்விதி மாறவில்லை. வெயில் உள்ளபோதே காயவைப்போம். நஞ்சின்றியே நம் தானியத்தைக் காப்போம்.